மறைத்தலும் வஞ்சித்தலும்

மறைத்தல் யாவும் வஞ்சமாகுமோ எனின், ஆகாது. பொய், இல்லதனை உளதெனக் காட்டும். காவலோ, உள்ளதனை உரியார்க்கன்றிக் காட்டாது.

உரோமத்துச் சீசர், எழுத்துக்களை மும்மூன்றிடந் தள்ளி மாற்றித் திருமுகம் வரைந்தார். 9ஆம் நூற்றாண்டில் அராபிய அறிஞர் அல்கிந்தி, எழுத்துக்கள் பயின்றுவரும் அளவை எண்ணியே இத்தகைய மறைப்பைத் திறக்கலாமெனக் காட்டினார். பின்னர் 1883இல் கெர்க்காப்சு என்பார், மறைக்கும் முறை பகைவர் கைப்படினும் கேடு வாராமை வேண்டும், எத்துணையிடந் தள்ளுவதென்பது போலுந் திறவுகோல் ஒன்றே மறைவில் நிற்கற்பாலது என வகுத்தார். இன்று கணிப்பொறிவழிச் செல்லுஞ் செய்திகளைக் காக்கும் முறைகளுட் பலவும் யாவரும் ஆராயுமாறு வெளியிடப்பட்டனவே.

மக்கள் ஒழுக்கமும் இத்தன்மைத்தே. பிறர் நம்பி ஒப்புவித்த ஒன்றைக் காத்துத் தன்னெறியை எவர்க்கும் வெளிப்பட வைப்போன் மறைகாப்போன். தன்னெறியையே மறைத்தாலன்றி வாழமாட்டாதோன் வஞ்சகன் என்க.