நோயா, குற்றமா?

உணவும் உறக்கமும் குன்றி, விளையாட்டை வெறுத்து, தொட்டதற்கெல்லாம் சினங்கொள்ளும் பிள்ளையைச் ‘சோம்பேறி’ எனக் கடிதல் அறமாகுமா? இக்குறிகள் இரண்டு வாரத்திற்கு மேல் நீடிப்பின் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பெரியோரிடம் துயரமாகத் தோன்றுவது சிறாரிடம் பலநேரம் எரிச்சலாகவே வெளிப்படும்.

பொதுத்தேர்வில் முதலிடப் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு, நம் இல்லங்களில் அதனை நாம் இன்னும் வாசிக்கின்றோம்.

‘பொறுத்துக்கொள்’ என்பாரும் உளர். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தின் கற்படுக்கையில் தவமிருந்த முனிவர்கள் துன்பத்தை விரும்பி ஏற்றனர், அது நோன்பு. நோயை எப்பிள்ளையும் விரும்பி ஏற்பதில்லை. நோயுற்ற உயிரைச் சொல்லால் வருத்துவதும் இம்சையே.

ஆகவே, அன்பர்களே, அருகமர்ந்து கேளுங்கள், மருத்துவரை நாடுங்கள். 2022 முதல் இயங்கும் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.