நாற்பது மேற்கோள்கள்

போன வருடம் நான் அனுப்பிய ஆய்வுக் கட்டுரைக்கு இரண்டு மதிப்பாய்வுகள் வந்தன. முதலாமவர் உருப்படியான ஆள். நான் தப்பாகப் போட்டிருந்த ஒரு புள்ளியியல் சோதனையைப் பிடித்துவிட்டார். இரண்டாமவர் எழுதியது நான்கே வரி. கட்டுரை நன்று, முக்கியமான முன்னோடி ஆய்வுகள் விடுபட்டிருக்கின்றன என்றிருந்தது. கீழே ஆறு கட்டுரைகள். ஆறிலும் ஒரே ஒரு பெயர் பொது.

வாசித்துப் பார்த்தேன். இரண்டுக்குக் கொஞ்சம் தொடர்பு உண்டு. மற்ற நான்குக்கும் என் வேலைக்கும் உள்ள உறவு, இரண்டு பக்கமும் ‘புரதம்’ என்ற சொல் வருகிறது என்பதுதான்.

“போட்டுட்டுப் போடா, ஆறு வரிதானே? இதுக்கெல்லாம் சண்டை போட்டா பிஎச்டி முடிச்ச மாதிரிதான்” என்றார் லேப் சீனியர் அக்கா. போட்டேன்.

ஆறு வரியால் என்ன ஆகும்? 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவுகோல் எச்-இண்டெக்ஸ். ஒருவருக்கு அது 20 என்றால், தலா 20 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் அவரிடம் 20 இருக்கின்றன. அதை 21 ஆக்க, புகழ்பெற்ற கட்டுரைக்கு இன்னும் ஆயிரம் மேற்கோள் வந்தும் பயனில்லை. விளிம்பில் நிற்பவற்றுக்கு ஒன்றிரண்டு வந்தால் போதும். கூகுள் ஸ்காலரில் பார்த்தேன். என்னிடம் கேட்கப்பட்டவை பெரும்பாலும் அந்த விளிம்பில் நின்றவை.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. 2019இல் ‘பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்’ இதழின் ஆசிரியர்கள், பெயர் சொல்லாமல், ஒரு மதிப்பாய்வாளரைப் பற்றி எழுதினார்கள். ஒவ்வொரு மதிப்பாய்விலும் சராசரியாக 35 மேற்கோள்கள் சேர்க்கச் சொல்வாராம். அதில் 90 சதவீதம் அவருடைய கட்டுரைகள். அதைப் படித்தபோது, வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு ஆறுதலாக இருந்தது. தப்பு அவர்களுடையது, நான் வற்புறுத்தப்பட்டவன்.

ஆனால் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அந்த இதழ் 40 மேற்கோள்களுக்கு மேல் அனுமதிக்காது. என்னிடம் ஏற்கெனவே 38. ஆறைச் சேர்க்க நான்கை வெட்ட வேண்டும்.

பெரிய பெயர்களை வெட்டினால் கேள்வி வரும். கைடின் கட்டுரைகளை ஏன் வெட்டவில்லை என்று விளக்கத் தேவையில்லை. வெட்டுப்பட்டதில் ஒன்று, கோப்பு வடிவங்களை மாற்றித் தரும் ஒரு சின்ன மென்பொருளைப் பற்றிய கட்டுரை. ஒற்றை ஆள் எழுதிப் பராமரிப்பது. ஒரு ராத்திரி என் தரவில் அது திணறியது, மின்னஞ்சல் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் பிழையைத் திருத்திப் புதுப் பதிப்பே வெளியிட்டிருக்கிறார் மனுஷன். அது இல்லையென்றால் என் கட்டுரையில் மூன்றாவது படம் கிடையாது.

ஆறைச் சேர்க்கச் சொன்னது அவர். எந்த நான்கை வெட்டுவது என்று யாரும் சொல்லவில்லை. அதை நான்தான் தேர்ந்தெடுத்தேன். திருப்பிக் கேட்க முடியாத ஆளாகப் பார்த்து.

நண்பன் ஒருவன் வேறு மாதிரிச் சொன்னான். “ராமச்சந்திரன் வரைபடத்தை எல்லாரும் போடுறாங்க. எத்தனை பேர் மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டுறாங்க?” உண்மைதான். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். இன்று ஒரு புரத அமைப்பு சரியா என்று சோதிக்க அதை வைத்துத்தான் பார்க்கிறோம். பலர் கட்டுரையைக் குறிப்பிடுவதே இல்லை. ஓர் ஆய்வு பொது அறிவாகிவிட்டால் மேற்கோள் பட்டியலிலிருந்து மறைந்துவிடும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சொன்னது இதைத்தான்.

ஆனால் ராமச்சந்திரனின் பெயர் அந்த வரைபடத்தின் மேலேயே ஒட்டியிருக்கிறது (மற்ற இருவர் பெயரும் ஒட்டவில்லை, அது தனிக்கதை). ஒரு கோப்பை இன்னொரு கோப்பாக மாற்றுவதற்கு யார் பெயரையும் வைக்க மாட்டார்கள். 1990இல் வந்த பிளாஸ்ட் மாதிரி எல்லாருக்கும் தேவைப்படும் கருவி என்றால் மேற்கோள்கள் தானாகக் குவியும். இவருக்கு வருவது சொற்பம். அடுத்த நிதி விண்ணப்பத்தில் அவர் காட்டக்கூடியதும் அதைத்தான். நன்றி சொல்வதும் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுவதும் எங்கள் துறையில் ஒரே வரியில் நடக்கிறது. நான் அந்த வரியை எடுத்துக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டேன்.

கட்டுரை வெளிவந்துவிட்டது. என் எச்-இண்டெக்ஸும் ஏறலாம்.

அந்த நிரலை நேற்றும் ஓட்டினேன். ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் திரையில் கடைசியாக ஒரு வரி வரும்: பயன்பட்டிருந்தால் இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டவும்.