யாரோடு பேசினாய்?

"தப்பு பண்ணாதவன் ஏன்யா பயப்படணும்?" போலீஸ் போனைக் கண்காணிப்பது பற்றி லகாட் காப்பிக்கடையில் பேச்செடுத்தால், யாராவது ஓர் அங்கிள் இதைக் கேட்காமல் எழுந்து போகமாட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஓர் அழைப்புக்கு இரண்டு முனைகள். சந்தேகம் ஒருவர்மேல், பட்டியலில் ஏறுவதோ அவரோடு பேசிய எல்லாரும்.

வீட்டைச் சோதனையிட மாஜிஸ்திரேட்டிடம் வாரண்ட் வாங்குவது நம் நாட்டில் பொதுவான வழி. போனை இடைமறிக்க நீதிபதியிடம் போக வேண்டியதே இல்லை. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டமும் 2012இல் வந்த சொஸ்மாவும் அந்த அனுமதியைப் பப்ளிக் பிராசிகியூட்டர் கையில் கொடுத்திருக்கின்றன. நாளைக்கு வழக்குப் போடப்போகிறவரே இன்றைக்கு ஒட்டுக்கேட்கவும் சம்மதிக்கிறார். சொஸ்மாவின் 6ஆம் பிரிவுப்படி, மிக அவசரமென்றால் சூப்பரிண்டெண்டண்ட் தரத்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி அனுமதி இல்லாமலே தொடங்கலாம். பிறகு உடனே தெரிவித்துவிட வேண்டும், அவ்வளவுதான். எந்த முறையில் இடைமறித்தார்கள் என்று வழக்கு நடக்கும்போது அவர்களைச் சொல்லவைக்கவும் முடியாது. என்னை அதிகம் உறுத்துவது இந்தக் கடைசி விதிதான்.

அவசரம் பொய்யில்லை. ஒரு பிள்ளையைக் கடத்திவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. சரி, ராத்திரி நீதிபதியை எழுப்பட்டும். அவரிடமும் போன் இருக்கிறது.

"பேச்சைக் கேட்கல, நம்பரைத்தானே பார்க்குறாங்க" என்று இன்னொரு சமாதானம். 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இப்படித்தான் சொன்னது: சுழற்றிய எண்கள் அந்தரங்கமல்ல. ஆனால் ஒருத்தி புற்றுநோய் கிளினிக்குக்கு மூன்று முறை, அடுத்து அக்காவுக்கு ஒரு மணி நேரம், அடுத்து அடகுக்கடைக்கு என்று அழைத்திருந்தால், பேச்சைக் கேட்க வேண்டுமா என்ன? 2018இல் அதே நீதிமன்றம், கைப்பேசி பல நாள் எங்கெங்கே இருந்தது என்ற பதிவுகளை எடுக்க வாரண்ட் வேண்டும் என்றது.

நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரை சொஸ்மாவில் பிடித்தார்கள். இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களும் அதில் அடக்கம். போனிலும் பேஸ்புக்கிலும் இருந்த படங்களே பலர்மேல் குற்றச்சாட்டாயின. 2020 பிப்ரவரியில் அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்குகளைக் கைவிட்டார். கைது நடந்த வாரம், அவர்களுக்கு எப்போதோ தீபாவளி வாழ்த்துச் சொன்னவர்களின் மனநிலையை யோசித்துப் பாருங்கள்.

நீதிபதி கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. யார் யாரை அழைத்தார்கள் என்று தடம் பிடிக்க அமெரிக்காவில் நீதிமன்ற ஆணை வேண்டும். ஆனால் விசாரணைக்குத் தேவை என்று அரசு வழக்குரைஞர் சான்றளித்துவிட்டால் நீதிபதி கொடுத்தே ஆக வேண்டும். அது வெறும் ரப்பர் ஸ்டாம்பு. மறுக்க முடிகிற நீதிபதிதான் வேண்டும்.

இந்தியாவிலும் அனுமதி உள்துறைச் செயலாளரிடமிருந்துதான், நீதிபதியிடமிருந்து அல்ல. ஒரு லஞ்ச வழக்குக்காக 2011இல் கொடுத்த ஒட்டுக்கேட்பு ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2025 ஜூலையில். பதினான்கு வருடம் கழித்து! முதலிலேயே ஒரு நீதிபதி இருந்திருந்தால், அந்த அறையில் இல்லாதவர்களுக்காக ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்: இந்த ஆளோடு பேசுகிற மற்றவர்கள் யார், அவர்களை என்ன செய்யப்போகிறீர்கள்?