மிதக்கும் இல்லறம்

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஏழடி அகலம்கூட இல்லாத எஃகுப் படகை வாங்கி அதிலேயே குடியிருப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், கூடவே ஒரு துறவு வாசனையும் வந்துவிடுகிறது. வீட்டை விற்றார்கள், சாமான்களை யார் யாருக்கோ கொடுத்தார்கள், ஓரிடத்தில் தங்காமல் போய்க்கொண்டே இருக்கிறார்கள், ஆகவே பற்றை விட்டவர்கள் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த ‘ஆகவே’ எனக்குச் செரிக்கவில்லை. பொருள் குறைந்தால் பற்றும் அதே அளவில் குறையும் என்பதற்கு என்ன ஆதாரம்? நாரோபோட் என்று அங்கே அழைக்கப்படும் இந்தப் படகுகளை எப்படி வாங்குகிறார்கள், எப்படிப் பராமரிக்கிறார்கள், எந்தச் சட்டத்துக்குள் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தால் வேறொரு முடிவுக்குத்தான் வர முடிகிறது. இது இல்லறத்தின் ஒரு வடிவம், அதிலும் விடுப்பே இல்லாத வடிவம். துறவென்று நினைத்து வாங்கியவருக்கு அது முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துவிடும்.

அகலத்திலிருந்தே தொடங்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி போன்ற பொறியாளர்கள் செலவையும் தண்ணீரையும் மிச்சப்படுத்த, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் படகை ஏற்றி இறக்கும் லாக்குகளை ஏழடி அகலத்தில் கட்டினார்கள். இன்றைய நாரோபோட் 6 அடி 10 அங்குல அகலத்தில் நிற்பது அதனால்தான். 57 அடிக்கு மேல் நீளம் போனால் நாட்டின் சில லாக்குகளுக்குள் நுழைய முடியாது. எளிமை வேண்டி யாரும் இந்த அளவைத் தேர்ந்தெடுக்கவில்லை. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய சிக்கனம் இன்று குடியிருப்பவரின் அலமாரி எத்தனை அங்குலம் என்று தீர்மானிக்கிறது. வாங்குவதற்கு முன் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, சர்வேயர் ஒருவரை வைத்து, எஃகுத் தகட்டின் கனத்தை மீயொலிக் கருவியால் அளக்கச் சொல்ல வேண்டும். இப்போதைய வழக்கப்படி புதிதாகக் கட்டும்போது அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத் தகடு 6, மேற்கூண்டு 4. துரு குழிபறித்துத் தின்று 4 மில்லிமீட்டருக்கும் கீழே போன பக்கத்தைக் கண்டால் காப்பீட்டு நிறுவனங்கள் தயங்கும். காப்பீடு இல்லாமல் உரிமம் இல்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், அது இல்லாமலும் உரிமம் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி அடிப்புறத்துக்குத் தார் பூச வேண்டும். எஃகுக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகட்டும் என்று பக்கத்தில் பற்றவைக்கும் மக்னீசியக் கட்டிகளையும் தேய்மானம் பார்த்து மாற்ற வேண்டும். ஒரு பொருளின் மீது இவ்வளவு கண் வைத்திருப்பவரைப் பற்றற்றவர் என்று எந்த மரபும் சொல்லாது.

அன்றாடம் இன்னும் நெருக்கமானது. குழாய் உள்ள கரை வரை படகை ஓட்டிப் போய்த்தான் தண்ணீர்த் தொட்டியை நிரப்ப வேண்டும். கழிப்பறைப் பெட்டியைக் கையால் தூக்கிக்கொண்டுபோய் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். பெரிய தொட்டி வைத்திருப்பவர் காசு கொடுத்து உறிஞ்சி எடுக்கச் சொல்ல வேண்டும். டிசம்பரில் சோலார் பேனல் பெயருக்குத்தான் கூரையில் கிடக்கும். மின்கலம் ஏற இன்ஜினை ஓட்டியாக வேண்டும், அதையும் மற்றப் படகுகளுக்குப் பக்கத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் காலை எட்டு வரை ஓட்டக் கூடாது. கணப்படுப்புக்கு நிலக்கரி மூட்டை, சமைக்க கேஸ், மணமில்லாத நச்சு வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம், சன்னலில் வேர்த்து வடியும் ஈரத்தைத் துடைக்க ஒரு துணி. இதையெல்லாம் மறந்துவிட்டு ஒரு வாரம் தியானத்தில் இருக்க முடியாது.

இங்கே ஒரு நல்ல மறுப்பு இருக்கிறது. பௌத்தத் துறவிக்கும் விதிகள் கொஞ்சமல்லவே என்று ஒருவர் கேட்கலாம். கூடுதலாகக் கிடைத்த ஆடையை முறைப்படி பகிர்ந்துகொள்ளாமல் பத்து நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று அவர்களுடைய விதித்தொகுப்பான விநயம் சொல்கிறது. மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கச் சொல்கிறது. கால்வாய்ப் படகுக்காரருக்கும் ஒரு நாள்கணக்கு உண்டு. நிலையான படகுத்துறை இல்லாதவர் படகை உண்மையாகவே பயணத்துக்குப் பயன்படுத்த வேண்டும், ஓரிடத்தில் தொடர்ந்து பதினான்கு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம். பத்து நாளும் பதினான்கு நாளும் ஒரே உணர்விலிருந்து பிறந்தவை போலத்தான் தெரிகின்றன. ஆனால் விதி எதை அறுக்கிறது என்று பார்க்க வேண்டும். பிக்குவின் விதி சேமிப்பை அறுக்கிறது. இன்று பெற்ற உணவை நாளைக்கு வைக்கக் கூடாது என்பதால் நாளையைப் பற்றிய கவலை இல்லறத்தாரின் தலைக்குப் போகிறது, பிக்குவின் கை காலியாகிறது. படகுக்காரரின் விதியோ சேமிப்பைத் தொடுவதே இல்லை. சேமித்த அத்தனையையும் சுமந்துகொண்டு நகரச் சொல்கிறது, அவ்வளவுதான். அவருடைய நிலக்கரியைப் பற்றிக் கவலைப்பட ஊரில் வேறு யாரும் இல்லை. பிக்கு பிறரைச் சார்ந்து பொருளிலிருந்து விடுபடுகிறார் என்றால் இவர் பிறரை விட்டு விலகிப் பொருளை இறுகப் பிடித்துக்கொள்கிறார். எந்தச் சார்பு உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கக் கூடாது என்கிறேன்.

நகர்ந்துகொண்டே இருப்பதே விடுதலை என்ற எண்ணத்தை மேற்கத்திய மரபும் முழு மனதாக ஏற்றதில்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவு விதியின் முதல் அத்தியாயம் துறவிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. மடம் மடமாக மூன்று நான்கு நாள் விருந்தாளியாகத் தங்கிவிட்டுக் கிளம்பிப்போகும் அலைகுடிகளை எல்லாரிலும் கீழே வைக்கிறார் அவர். இடத்தை மாற்றுகிறவன் தன் விருப்பத்தை மாற்றுவதில்லை என்பது அவருடைய சந்தேகம். எனக்கு இது பாதிதான் சரி என்று படுகிறது, நம் பக்கத்து மரபுகள் சுற்றித் திரிவதையே சாதனையாக்கியிருக்கின்றன. படகுக்காரர் விஷயத்தில் இரு தரப்பும் உதவாது, ஏனென்றால் அவருடைய நகர்வு அவருடைய விருப்பமும் அல்ல, விருப்பத்தை ஒறுக்கும் நோன்பும் அல்ல. 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களைக் கவனிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் படகுகளின் எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறது. இரண்டு மூன்று இடங்களுக்கு நடுவிலேயே முன்னும் பின்னும் போய்வருகிறவருக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்கலாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பெற்றவருக்கு மருத்துவர், தனக்கு வேலை என்று ஓர் ஊரில் கட்டுண்டவருக்குப் பதினான்காம் நாள் பரிவிராஜகம் என்னும் துறவியின் அலைதல் அல்ல, ஒரு நிர்வாகத் தலைவலி. 2024 முதல் நிலையான துறை இல்லாதவருக்கு உரிமக் கட்டணத்தில் கூடுதல் தொகையும் சேர்ந்திருக்கிறது.

பலர் வாடகைக்குப் பயந்து படகேறியவர்கள், அவர்களை வைத்துத் தத்துவம் பேசுவது வசதிபடைத்தவரின் பொழுதுபோக்கு என்று இன்னொரு மறுப்பு வரும். லண்டன் வாடகையை அறிந்தவர் அதைத் தட்ட முடியாது. ஆனால் அந்த மறுப்பு என் பக்கம்தான் வந்து சேர்கிறது. கால்வாயில் குடும்பத்தோடு வாழ்வது பற்றின்மையிலிருந்து தொடங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்து சரக்குக் கூலியை இறக்கியபோது, கரையில் வீட்டு வாடகையும் ஆளுக்குக் கூலியும் கொடுத்துக் கட்டுப்படியாகாத படகோட்டிகள் மனைவி மக்களைப் படகிலேற்றி அவர்களையே வேலையாட்களாக்கினார்கள். ஏறத்தாழ பத்தடி நீளமுள்ள பின்கூண்டில் ஒரு குடும்பமே உண்டு உறங்கியது. கோல்வில் ஊரின் ஜார்ஜ் ஸ்மித் அந்தக் குழந்தைகளின் நிலையைக் கண்டு போராடியதன் பலனாக 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. ஒரு கூண்டில் எத்தனை பேர் தூங்கலாம் என்று பதிவு செய்து சோதனை போட்டார்கள். அவர்களை யாரும் ஞானிகள் என்று சொல்லவில்லை. எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் 1939இல் ‘கிரெஸ்ஸி’ என்ற படகில் குடியேறி, அந்தப் பயணத்தை 1944இல் ‘நாரோ போட்’ என்ற நூலாக வெளியிட்ட பிறகுதான் கால்வாய் வாழ்க்கைக்கு ஓர் ஆன்மிக ஒளி கிடைத்தது. படகைச் சுற்றியிருந்த நீரும் குளிரும் மாறவில்லை. படகுக் குடும்பத்துக்குக் கரையேற வழியில்லை, ரோல்ட்டுக்கு இருந்தது. 1951இல் அவர் கரையேறி வேல்ஸில் ஒரு சிறு ரயில் பாதையை நிர்வகிக்கப் போனார். கால்வாயின் காதலர் ரயிலுக்குப் போனதில் உள்ள வேடிக்கையை அவரே உணர்ந்திருப்பார்.

அப்படியானால் படகு எதையுமே தருவதில்லையா? தருகிறது. ஒரு மனிதர் ஒரு நாள் வாழ எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிலோ எரிபொருள், எவ்வளவு கழிவு என்பதை அங்கே உடம்பே அறிந்துவிடுகிறது. மின்கட்டண ரசீதும் அதைத்தான் சொல்கிறதே என்றால், ரசீது முடிந்துபோனதற்கு வருகிறது, தொட்டியோ தீரும் முன்னே எச்சரிக்கிறது. தன் தேவையின் அளவை இப்படி நேரில் காண்பது அறவாழ்வுக்குப் பயன்படும் அறிவுதான். ஆனால் அது இல்லறத்தாரின் அறிவு, கணக்குப் பார்த்து நடத்துகிறவரின் அறிவு. தேவையையே கேள்வி கேட்பவரின் அறிவு வேறு. உரிமை விஷயத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில், தேம்ஸ் கரையில் செல்சியில் குழாயும் மின்கம்பியும் இணைத்துக் கட்டியிருந்த வீட்டுப்படகு ஒன்று பற்றிய வழக்கில், அது நிலத்தோடு சேர்ந்ததல்ல, ஆகவே குத்தகைதாரருக்குரிய வீட்டுப் பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சொந்தப் படகே ஆனாலும் அதன் கீழுள்ள நீரும் பக்கத்துக் கரையும் தன்னுடையதல்ல. ‘எனது’ என்பதன் எல்லையை இதைவிடக் கூர்மையாக ஒரு சொத்து காட்ட முடியாது. காட்டியும் பலர் அதனால் படகை இன்னும் இறுகத்தான் பிடிக்கிறார்கள், இருக்கும் ஒரே ‘எனது’ அதுதான் என்பதால்.

என் வாதத்துக்கு வலுவான சான்று வயதிடம் இருக்கிறது. நம் ஆசிரம முறை, தோல் சுருங்கிப் பேரப்பிள்ளைகளைக் கண்டபின் காட்டுக்குப் போகச் சொன்னது. உடல் தளரும்போது உடைமையும் தளர வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. படகு இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. ஒரு டன்னுக்கு மேல் கனக்கும் லாக் கதவை முதுகால் தள்ள வேண்டும். இருபத்தைந்து கிலோ நிலக்கரி மூட்டையைக் குறுகிய விளிம்பில் நடந்து கூரையில் ஏற்ற வேண்டும். பனி படிந்த இரும்பில் கால் வழுக்காமல் இறங்க வேண்டும். ஓய்வுபெற்ற தம்பதியர் வீட்டை விற்று வாங்கும்போது அறுபதின் முழங்கால் இதற்கெல்லாம் உடன்படலாம், எழுபத்தைந்தின் முழங்கால் உடன்படாது. அப்போது கரையேற வேண்டும். விற்ற வீட்டின் விலை இடையில் ஏறியிருக்கும், படகின் விலை பெரும்பாலும் இறங்கியிருக்கும். ஆகவே அனுபவசாலிகள் புதிதாக வருகிறவருக்கு இரண்டு விஷயம் சொல்கிறார்கள். முதலாவது, ஜூன் மாதத்தில் அல்லாமல் பிப்ரவரியில் ஒரு படகை வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள். இரண்டாவது, கையிலிருக்கும் பணம் முழுவதையும் படகில் போடாதீர்கள், திரும்பிவர ஒரு பங்கைக் கரையில் வையுங்கள். காட்டுக்குப் போகிறவரிடம் யாரும் அந்த இரண்டாவதைச் சொன்னதில்லை.