ஆறு சபைகளும் ஒரு கோரிக்கையும்

பிறரிடம் பொருள் கேட்பது இழிவு என்ற எண்ணம் நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. அடுப்பு எரியாத நாளிலும் அடுத்த காம்பராவின் கதவைத் தட்டத் தயங்கும் தாய்மாரை நாம் லயன்களில் கண்டிருக்கின்றோம். அந்தத் தயக்கம் மதிப்புக்குரியது. ஆனால் அதே தயக்கம் ஒரு சமூகத்தின் பொதுவாழ்விலும் குடிகொண்டுவிடுமானால், அதைத் தன்மானம் என்று சொல்ல இயலாது; தனக்கு உரியதையே பிறர் கொடையென்று கருதும் மயக்கம் அது. இரத்தலுக்கும் உரிமை கோரலுக்கும் உள்ள வேறுபாடு குரலின் உயரத்தில் இல்லை. கேட்பவர் யார்? யாருக்காகக் கேட்கின்றார்? கிடைப்பதை யாருடைய முடிவின்படி செலவிடப் போகின்றார்? இம்மூன்று வினாக்களுக்கும் நேரான விடை இருக்குமிடத்தில்தான் கேட்டல் உரிமையாகின்றது. மலையகத்துப் பிரதேச சபைகள் தம் இளைஞரின் தொழிற்பயிற்சிக்கு நிதி தேடுவதில் ஒன்றுபட வேண்டுமா என்பதை இவ்வினாக்களைக் கொண்டு ஆராய்வதே நம் நோக்கம்.

டயகமவை எண்ணிப் பார்ப்போம். ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில், தேயிலை மலைகளுக்கிடையே அமைந்த ஊர் அது. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறிவரும் பாதை அங்கே ஏறத்தாழ முடிந்துவிடுகின்றது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளில் பலருக்குக் கல்வியின் பாதையும் அவ்விடத்திலேயே முடிந்துவிடுகின்றது. "கொழும்பிலே கடை இருக்கிறது, மலையிலே கொழுந்து இருக்கிறது, வேறென்ன இருக்கிறது, சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டால், ஆசிரியராகிய நாம் மறுமொழி சொல்லத் தடுமாறுகின்றோம். அவன் புறக்கோட்டைக் கடையொன்றுக்குப் போகின்றான். அவனுடைய தங்கை யாரோ ஒருவர் வீட்டுக்கு வேலைக்குப் போகின்றாள். 2021 ஜூலையில், டயகமவிலிருந்து அவ்வாறு கொழும்புக்குச் சென்ற பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களுடன் மருத்துவமனையில் இறந்தாள். நாடே அன்று கொதித்தது. அவளுக்கு என்ன நேர்ந்தது என்று விசாரிப்பது நீதிமன்றத்தின் கடமை. பாடப் புத்தகத்தை வைத்துவிட்டு அந்த வீட்டுக்கு அவளை நடக்கச் செய்தது எது என்று விசாரிப்பது நம் எல்லோருடைய கடமையும் அன்றோ?

முதல் வினா, கேட்பவர் யார் என்பது. இதற்கு விடை காண வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும். 1937 இல் கிராமச் சபைகள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் அச்சபைகளின் வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். தலவாக்கலையிலிருந்து சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் ஒருவர். அடுத்த ஆண்டே வந்த 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அந்த வாக்காளர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 இல் இரு பிரதமர்கள் கூடி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று விட்டனர். மனிதரை மூட்டைகளைப் போல எண்ணிய அக்கணக்கு முற்றாகத் தீர 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வாக்குரிமை திரும்பிய பின்னரும் சபையின் கதவு முழுதாகத் திறக்கவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத் தொழிலாளி வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அந்த உறுப்பினரோ அவருடைய லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியாது! இந்த விந்தை 2018 இல்தான் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு, நீண்ட கோரிக்கையின் பயனாக, நுவரெலியா பிரதேச சபை மூன்றாகவும் அம்பகமுவ பிரதேச சபை மூன்றாகவும் பிரிந்தன. நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என ஆறு சபைகள் தோன்றின. டயகம அக்கரப்பத்தனைச் சபைக்கு உரியதாயிற்று. ஆகவே இன்று கேட்பவர் வெளியார் அல்லர். தலைமுறை தலைமுறையாக இந்நாட்டின் செல்வத்தை ஈட்டித் தந்து, தம் சொந்தச் சபைக்குள் மிகவும் பிந்தி நுழைந்த குடிமக்கள்.

பிரிவினை இங்கே நியாயமானது. மற்ற இடங்களில் சில ஆயிரம் பேருக்கு ஒரு சபை இருக்க, இங்கே பெருந்தொகையான மக்களுக்கு ஒரே சபை என்பது நீதியாகாது. குரலுக்காகப் பிரிந்தோம், அது சரியே. ஆயினும் பிரிந்ததில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஏக்கர் வரி, உத்தரவுப் பத்திரக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம், முத்திரைத் தீர்வையின் பங்கு ஆகியவையே ஒரு பிரதேச சபையின் வழக்கமான வருவாய். இவற்றைக் கொண்டு தெருவிளக்கைப் போடலாம், மயானப் பாதையைத் திருத்தலாம். ஒரு பட்டறை, அதற்குத் தமிழில் கற்பிக்கத் தெரிந்த போதனாசிரியர், தூரத்துத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் தங்க ஒரு விடுதி, மாலையில் வீடு திரும்ப ஒரு பஸ் ஆகியவற்றைத் தனியொரு சபை கனவிலும் ஏற்படுத்த முடியாது. ஆறும் தனித்தனியே ஓர் அமைச்சரின் வாசலில் நின்றால் என்ன நடக்கும்? ஒன்றுக்குக் கொடுத்து ஐந்தைக் காக்க வைப்பார்கள்; கொடுக்கப்பட்ட ஒன்றும் நன்றிக்கடனில் சிக்கும். ஆறும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கேட்டால் அது ஒரு பிராந்தியத்தின் குரலாகும். பால் பண்ணை உள்ள டயகமப் பக்கத்தில் கால்நடை வளர்ப்பும் பாற்பொருள் தயாரிப்பும், மற்றோரிடத்தில் மின்னிணைப்பும் இயந்திரத் திருத்தமும், இன்னோரிடத்தில் தாதியியல் துணைப் பயிற்சியும் எனப் பங்கிட்டுக்கொள்ளவும் அப்போதுதான் இயலும்.

தொழிற்பயிற்சி மத்திய அரசின் பொறுப்பு, சபைகள் ஏன் அதைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சிலர் வினவலாம். வினா நியாயமானது. தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்கள் இருக்கவே இருக்கின்றன. ஆனால் கொழும்பில் வரையப்படும் பாடத்திட்டம் எத்தனை தோட்டங்களைக் கடந்து டயகமவை அடைகின்றது? மத்திய மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்தபின் நீண்ட காலம் அதற்குத் தேர்தல் நடக்கவில்லை. பிரதேச சபைகளின் காலமும் 2023 இல் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை அவை உறுப்பினரின்றிக் கிடந்தன. மக்களுக்கு மிக அருகே உள்ள மன்றமே மூடிக் கிடந்தால், தூரத்து அரசின் கடமையை நினைவூட்டுவது யார்? சபைகள் ஒன்றுபட்டுக் கேட்பது அரசின் கடமையைத் தாம் ஏற்பதற்காக அன்று. அதனை நிறைவேற்றச் செய்வதற்காகவே.

இரண்டாவது வினா இன்னும் கடினமானது: யாருக்காக? "பயிற்சி" என்ற சொல் இனிமையானது. ஆனால் எல்லாப் பயிற்சியும் விடுதலை அன்று. அரபு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வோருக்கும் நாம் பயிற்சி அளிக்கின்றோம். துணி துவைக்கும் இயந்திரத்தை இயக்கக் கற்கின்றாள். கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொள்ளும் எசமானிடம் என்ன செய்வதென்று எவ்வளவு கற்கின்றாள்? கூலிக்கு ஏற்ற கையாக ஒரு மனிதப் பிறவியைச் செதுக்கித் தருவதும் பயிற்சிதான். தன் வாழ்வைத் தானே தெரிந்தெடுக்கும் ஆற்றலை அவளுக்கு அளிப்பதும் பயிற்சிதான். நாம் எதற்காக நிதி கேட்கின்றோம்?

உலகில் இருவகை முன்மாதிரிகள் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் 2014 இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, அயலில் உள்ள உள்ளூராட்சிகள் சேர்ந்து பயிற்சி வாரியம் அமைத்து மத்திய நிதியைப் பெறுகின்றன. கூட்டு முயற்சி என்ற அளவில் அது நமக்குப் பாடமாகும். ஆனால் அவ்வாரியத்தில் பெரும்பான்மையோர் வணிக நிறுவனங்களின் பிரதிநிதிகளாக இருத்தல் வேண்டும். தொழிலாளர் தரப்புக்கு உறுதியானது ஐந்திலொரு பங்கே. வேலை கொடுப்போன் விரும்பும் கையை அங்கே பொதுப்பணம் வளர்த்துக் கொடுக்கின்றது. கேரளத்திலோ, 1996 இல் இடதுசாரி அரசு மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதம் வரையிலான பங்கை உள்ளூராட்சிகளுக்கு ஒதுக்கியபோது, கிராம சபையில் கூடிய மக்கள் முதலில் தம் தேவைகளைச் சொல்லினர். திட்டம் அதன்பின் எழுதப்பட்டது. கட்சிப் பூசலும் குறைபாடுகளும் அங்கும் இல்லாமற் போகவில்லை. எனினும் யார் முதலில் பேசுகின்றார் என்பதிலேயே ஒரு திட்டத்தின் அறம் தங்கியிருக்கின்றது என்பதை அம்முயற்சி காட்டிற்று.

நம் மலைகளில் யார் முதலில் பேச வேண்டும்? கொழுந்து பறிக்கும் பெண் பேச வேண்டும். அவளைப் "பயிற்சியற்ற தொழிலாளி" என்று ஏடுகள் குறிக்கின்றன. இரண்டு இலையும் ஒரு குருத்தும் எவை என்று கண்ணால் காணுமுன்பே விரலால் அறிபவள் பயிற்சியற்றவளா? செடியின் வயதும் மண்ணின் தன்மையும் பார்த்துக் கவ்வாத்து வெட்டுபவன் பயிற்சியற்றவனா? தேசிய தொழிற் தகைமை முறையில், முன்னரே கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கவும் இடமுண்டு. சபைகளின் கூட்டுக் கோரிக்கையில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: எங்கள் மக்களுக்கு இனிக் கற்பிப்பதற்கு முன், அவர்கள் ஏற்கனவே அறிந்ததை அறிவு என்று எழுதிக் கொடுங்கள். அவ்வாறு எழுதினால் கூலியின் கணக்கும் மாற வேண்டி வரும். அதனால்தான் இதுவரை எழுதப்படவில்லை போலும்.

பயிற்சி பெற்றவர் மலையை விட்டுப் போய்விடுவர், பின்னர் கொழுந்து பறிப்பது யார் என்ற அச்சமும் கேட்கின்றது. தோட்ட நிர்வாகங்கள் இவ்வாறு அஞ்சுவதில் வியப்பில்லை. நம்மவர் சிலரும், மக்கள் சிதறினால் சமூகத்தின் பலம் குன்றுமே என்று கவலுகின்றனர். இக்கவலையை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் வேறு வழியின்றி ஓரிடத்தில் நிற்பவரின் எண்ணிக்கையைப் பலம் என்று கூறலாமா? இன்றும் அவர்கள் போகத்தான் செய்கின்றனர். கையில் ஒன்றுமின்றிப் போகின்றனர். தொழில் கற்றவன் போனால் திரும்பி வரவும் அவனால் இயலும். தங்க விரும்புபவள் தன் விருப்பால் தங்குவாள். அந்த விருப்பத்துக்கு இடம் உண்டாக்குவதே நாம் வேண்டும் பயிற்சி.

எஞ்சுவது மூன்றாவது வினா: கிடைப்பதை யாருடைய முடிவின்படி செலவிடுவது? கூட்டுக் குழுவில் ஆறு தவிசாளர்கள் மட்டும் அமர்ந்தால், ஓர் அமைச்சரின் வாசலுக்குப் பதிலாக ஆறு வாசல்கள் கிடைத்ததாகவே முடியும். கொழுந்து பறிக்கும் பெண்களும், பாடசாலையை விட்டு விலகிய இளைஞரும், தொழிற்சங்கத்தாரும், ஆசிரியரும் அதில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். வரவும் செலவும் தமிழிலும் சிங்களத்திலும் தோட்டந்தோறும் ஒட்டப்பட வேண்டும். அயலிலுள்ள சிங்களக் கிராமத்து ஏழை விவசாயியின் பிள்ளைக்கும் அதே பட்டறையில் இடம் இருக்க வேண்டும். சபை அவர்களுக்கும் உரியதே.

தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிடுவதைக் கேட்டே நம் மக்கள் தலைமுறைகளாக வளர்ந்தனர். அங்கே கூப்பிடப்பட்டவருக்கு மறுமொழி சொல்ல மட்டுமே உரிமை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் அக்களத்தில் மக்கள் கூடி, தம் பிள்ளைகள் எதைக் கற்க வேண்டும் என்று தாமே சொல்லட்டும். டயகமவிலும் நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் சொல்லப்பட்டதை ஒன்றாகச் சேர்த்து எழுதும் வேலை நம்முடையது. எழுத்தறிவு பெற்றவர் என்ற முறையில் அச்சமூகத்துக்கு நாம் பட்ட கடன் அது. எழுதிய பத்திரத்தில் ஆறு சபைகளும் கையெழுத்திடும்படி கேட்போம். இடாத சபையிடம் காரணம் கேட்போம்.