பனி மூடிய கண்ணாடியும் நற்காட்சியும்



முதலில் காணுதல் வேண்டும். பின்னரே செல்லுதல் வேண்டும். எண்வகை நெறிகளுள் நற்காட்சியைப் பகவன் புத்தர் தலைப்பில் நிறுத்திய காரணம் இதுவே என்க. வழியைக் காணாதவன் எத்துணை விரைந்து சென்றாலும், அச்செலவு அவனுக்கும் எதிர்வருவோர்க்கும் கேடாகவே முடியும். இவ்வுண்மையை ஏட்டளவில் வைத்து விளக்குவதினும், நம்மவர் பலருடைய அன்றாடப் பிழைப்பில் வைத்து விளக்குதல் பயனுடையதாகும். ஆதலின், குளிர்காலத்தில் மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியில் படியும் உறைபனியையும், குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை எழுப்பும் முறையையும் இன்று பொருளாக எடுத்துக்கொண்டோம்.

“தம்பானூரில் உறைபனி ஏது?” என்று சிலர் வினவலாம். உண்மைதான். கடலோரத் திருவனந்தபுரத்தில் மார்கழி, தை இரவுகளிலும் குளிர் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் இரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் எதிரெதிராய் நிற்கும் இத்தம்பானூரிலிருந்துதான் மூணாறு செல்லும் பேருந்துகள் புறப்படுகின்றன. 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய பேருந்துப் பணி, 1965இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமாக அமைந்து இன்றளவும் நடைபெறுகின்றது. இரயிலில் வந்திறங்கி வாடகைக் கார் அமர்த்திக்கொண்டு மலையேறுவோரும் பலர். மாலையில் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்ட சாரதி, கோதமங்கலமும் அடிமாலியும் கடந்து, மறுநாள் விடியலில் கண்ணாடிப் பனியைத் துடைக்க நிற்கிறான். தன் ஊரில் ஒருநாளும் காணாத ஒன்றை அயலூரில் முதன்முதல் காண்பவனுக்கே அறிவுரை மிகுதியும் வேண்டும்.

மூணாறு கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, செண்டுவரை, லெட்சுமி முதலிய எஸ்டேட்டுகளின் பள்ளங்களில் சில இரவுகள் வெப்பம் பூஜ்யத்தையும் அதன் கீழும் எட்டுவதுண்டு. புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துவிடும். தேயிலைக் கொழுந்து கருகிவிடும். அதைக் காண வருவோர்க்கு அது வேடிக்கை. அவ்விடியலில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு சாலையோரமாக வேலைக்குச் செல்பவரோ, தலைமுறை தலைமுறையாய் அங்கு உழைத்துவரும் நம் தமிழ் மக்கள். பள்ளிப் பிள்ளைகளும் அச்சாலையிலேயே நடக்கின்றனர். இவ்வுரை முழுவதும் அவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவதாகும்.

பனி படிவதன் காரணத்தை முதலில் அறிவோம். காரணம் அறிந்தவனுக்கே நிவாரணம் விளங்கும் என்பது நம் சமயத்தின் அடிப்படையன்றோ? மேகமற்ற வானமும் அசையாத காற்றும் உள்ள இரவில், திறந்த வெளியில் நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருக்கும். அதனால் அது சுற்றியுள்ள காற்றைவிடவும் மிகுதியாகக் குளிர்ந்துவிடும். காற்று இரண்டு மூன்று டிகிரி வெப்பத்தில் இருக்கும்போதே கண்ணாடி பூஜ்யத்தைத் தொட்டுவிடுதல் கூடும். அந்நிலையில் காற்றிலுள்ள நீராவி அதன்மேல் பனிக்கட்டியாகப் படிகிறது. மேகம் கவிந்த இரவில் அம்மேகமே போர்வையாகி இதைத் தடுக்கும். ஆகவே விண்மீன்கள் தெளிவாய் மின்னும் காற்றற்ற குளிரிரவைக் கண்டதும், “நாளைக் காலை பனி உண்டு” என்று சாரதி முன்னறிந்துகொள்ளலாம்.

முன்னறிந்தவன் முன்னே காப்பான். கூரையின் கீழோ மரத்தடியிலோ வண்டியை நிறுத்துதல் நன்று. அது கிடைக்காவிடில், உலர்ந்த தடித்த துணியோ தார்ப்பாயோ அட்டையோ கொண்டு முன்கண்ணாடியை மூடி, காற்றில் பறவாதபடி ஓரங்களைக் கதவிடுக்கில் செருகிவைத்தல் வேண்டும். ஈரத்துணி ஆகாது, அது கண்ணாடியோடு சேர்ந்து உறைந்துவிடும். வைப்பர் கைகளை உயர்த்தி வைத்தால் அவற்றின் ரப்பர் ஒட்டிக்கொள்ளாது. இரவில் ஐந்து நிமிடம் செலவிட்டால் காலையில் பதினைந்து நிமிடம் மிச்சமாகும்.

அவ்வாறு மூடாமல் விட்டுப் பனி படிந்தபின் செய்யத்தகாதவை சில. முதலாவது, கொதிநீரை ஊற்றுதல். நீர்பட்ட இடம் திடீரென விரிய, அடுத்த இடம் குளிர்ந்தே நிற்பதால் கண்ணாடி பிளந்துவிடும். முன்பே சிறு கல் பட்ட தழும்பு இருப்பின் அங்கிருந்தே பிளவு ஓடும். பிளக்காவிடினும், ஊற்றிய நீர் மீண்டும் உறைந்து முன்னினும் கெட்டியாகும். இரண்டாவது, கத்தி, கரண்டி போன்ற இரும்பால் சுரண்டுதல். அக்கீறல்கள் பின்னர் எதிர்வண்டியின் விளக்கொளியில் கண்ணைக் கூசச் செய்யும். மூன்றாவது, உறைந்து ஒட்டிய வைப்பரை ஓடவிடுதல். ரப்பர் கிழியும்; மோட்டாரும் கெடும்.

செய்யத்தக்கவை எளியவை. பிளாஸ்டிக் சுரண்டியால், அஃதில்லையேல் தடித்த பிளாஸ்டிக் அட்டையால், மேலிருந்து கீழாகச் சுரண்டுக. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரு பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் கலந்து தெளித்தால் மெல்லிய பனி இளகும். அது தீப்பற்றும் பொருளாகையால் நெருப்பருகே வைத்தல் ஆகாது. வண்டியில் சூடான காற்று வரும் வசதி இருப்பின், அதை முதலில் குறைந்த சூட்டிலும் பின்னர் படிப்படியாக மிகுந்த சூட்டிலும் கண்ணாடியின்மேல் செலுத்துக. கண்ணாடியைக் கழுவும் தொட்டியில் வெறும் தண்ணீர் இருந்தால் அதைப் பீய்ச்சவேண்டா. தெளித்த கணமே அது திரையாக உறையும்.

வெளிப்பனி நீங்கினாலும் உட்பனி ஒன்று உண்டு. வண்டி நிறைய மக்கள் அமர்ந்து விடும் மூச்சின் ஈரம், குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து மங்கச் செய்யும். தம்பானூர் மழைக்காலத்திலும் கண்ணாடி மங்குவதை நாம் காண்கிறோம். உள்ளிருக்கும் காற்றையே சுழலவிடாமல் வெளிக்காற்றை உள்ளே விடுக. ஏசி உள்ள வண்டியில் சூட்டோடு அதையும் சேர்த்து ஓட்டினால் காற்றின் ஈரம் வற்றும். அவ்வசதிகளற்ற பேருந்தில் சன்னலைச் சிறிது திறந்துவைத்து, உலர்ந்த துணியைக் கையருகே வைத்துக்கொள்க. குளிருகின்றதென்று முணுமுணுக்கும் பயணிகள் சற்றுப் பொறுத்தல் வேண்டும்.

இனி எஞ்சினைப் பற்றிச் சொல்வோம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றை நெருக்கிச் சூடேற்றி, அச்சூட்டினாலேயே எண்ணெய் பற்றுகிறது. குளிர்ந்த இரும்பு அச்சூட்டைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. மசகெண்ணெயும் தேன்போல் தடித்து, எஞ்சின் சுழல்வதற்குத் தடையாகிறது. பாட்டரியோ பூஜ்ய டிகிரியில் தன் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்களவு குன்றிவிடுகிறது. வேலை மிகும் வேளையில் வலிமை குறைகிறது. இதுவே குளிர்ந்த எஞ்சின் அடம்பிடிப்பதன் காரணம்.

ஆகவே விளக்கு, விசிறி அனைத்தையும் அணைத்துவிட்டுக் கிளச்சை மிதித்துக்கொள்க. சாவியைத் திருப்பியதும் குளோ பிளக் விளக்கு எரிந்தால், அது அணையும் வரை காத்திருக்க. பின்னர்ச் செல்ப் அடிக்கும்போது பத்து நொடிக்கு மேல் தொடரவேண்டா. எழாவிடில் அரை நிமிடம் பாட்டரிக்கு ஓய்வு கொடுத்து மீண்டும் முயல்க. எஞ்சின் எழுந்தவுடன் ஆக்ஸிலேட்டரை மிதித்து உறுமச் செய்வது பெருந்தீங்கு. மசகெண்ணெய் எல்லா உறுப்புக்கும் சென்று சேர்வதற்கு முன்னரே இரும்பு இரும்பை அரைத்துவிடும். நூற்பாலையில் உழைத்த நாம் இதை நன்கறிவோம். ஞாயிறு ஓய்ந்து கிடந்த இயந்திரத்தைத் திங்கட்காலையில் ஓட்டத் தொடங்குகையில் இழை மிகுதியாய் அறும். சூடு பரவியபின் தானே சீராகும். அவ்வேளையில் இயந்திரத்தை விரட்டிப் பயனில்லை.

பெரிய பேருந்திலும் லாரியிலும் மற்றொன்று உண்டு. அவற்றின் பிரேக் காற்றின் அழுத்தத்தால் இயங்குவது. முள் உரிய அளவுக்கு ஏறும் முன் வண்டியை நகர்த்துதல் கூடாது. அக்காற்றுத் தொட்டியில் தேங்கும் நீரை நாள்தோறும் வடித்துவிடுதல் வேண்டும். அது உறைந்தால் பிரேக் கைவிடும். ரேடியேட்டரிலும் வெறும் தண்ணீர் ஆகாது. நீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்களவு பருக்கும். அதன் வலிமைக்கு எஞ்சினின் இரும்பும் பிளக்கும். உறையாமற் காக்கும் கலவை சேர்ந்த கூலண்டையே ஊற்றுதல் வேண்டும். மூணாற்றினும் கொடிய குளிருடைய லடாக் போன்ற இடங்களில் டீசலே மெழுகுபோல் தடித்துவிடும். அதற்காகவே பூஜ்யத்திற்குக் கீழே 33 டிகிரி வரை உறையாமல் ஓடும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019இல் அங்கு கொண்டுவந்தது. எண்ணெய்த் தொட்டியின் அடியில் தீ மூட்டி இளக்கும் வழக்கம் உயிருக்கு உலைவைப்பதாகும்.

இன்னுமொரு எச்சரிக்கை. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றவேண்டா. குளிருக்கு அஞ்சிக் கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு வண்டிக்குள் உறங்கவும் வேண்டா. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவன் உறக்கத்திலேயே மாய்வான்.

சகோதரர்களே, இம்முறைகளை அறியாதாரினும், அறிந்தும் கைக்கொள்ளாதாரே மிகுதி. ஓர் உள்ளங்கையளவு இடத்தை மட்டும் துடைத்துவிட்டு, “மற்றது போகப் போக உருகிவிடும்” என்று புறப்படுபவரே அவர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் எட்டு மீட்டர் ஓடுகிறது. அத்துளையின் வழியே நேரே உள்ள சாலை தெரியும். ஓரத்தில் நடக்கும் தாய் தெரியாள். வளைவில் திரும்பும்போது இளஞ்சூரியன் எதிரே எழுந்தால், துடைக்காத பனி முழுவதும் ஒளி சிதறி வெள்ளைச் சுவராகிவிடும். அத்துளையும் அப்பொழுது உதவாது. முன்கண்ணாடி முழுவதும், பக்கக் கண்ணாடிகளும், பின்காட்டும் கண்ணாடிகளும், விளக்குகளும் துடைக்கப்பட்ட பின்னரே சக்கரம் உருளுதல் வேண்டும்.

கொல்லாமை நம் முதற் சீலம். ‘கொல்லவேண்டும் என்ற எண்ணம் எனக்கில்லை’ என்று சொல்வதோடு அச்சீலம் நிறைவேறிவிடுமா? காணாமல் செலுத்தினால் கேடு விளையும் என்று அறிந்தும் செலுத்துபவன், எண்ணமில்லை என்று கூறித் தப்புதல் இயலாது. தம்மபதத்தின் இரண்டாம் அதிகாரம் முழுவதும் விழிப்புடைமையைப் பற்றியதாக அமைந்திருப்பதைக் கருதுக. விழிப்புடைமை என்பது கண் விழித்திருத்தல் மட்டுமன்று. பிறருக்குத் தீங்கு நேராதபடி முன்கூட்டியே செய்துவைக்கும் சிறு செயல்கள் யாவும் அதனுள் அடங்கும். இரவில் போர்த்திய துணியும் காலையில் சுரண்டிய பதினைந்து நிமிடமும் சீலத்தின் பகுதியே.

“எனக்கு நேரம் ஏது? தாமதித்தால் கேள்வி கேட்பார்களே” என்று சாரதி சொல்வான். அச்சொல் நியாயமானதே. கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டு உழைப்பவனின் நெஞ்சு படபடப்பை உழைத்தவரே அறிவர். ஆகவே இக்கடமையைச் சாரதி ஒருவன் தலையில் மட்டும் சுமத்துதல் அறமாகாது. வண்டியின் உரிமையாளர் அப்பதினைந்து நிமிடத்தை வேலை நேரத்தோடு சேர்த்துக் கணக்கிட்டுக் கூலி தருதல் வேண்டும். துணியும் சுரண்டியும் வாங்கித் தருதல் வேண்டும். பயணிகள் “இன்னும் ஏன் எடுக்கவில்லை?” என்று இரையாமல், இறங்கி ஒரு கை கொடுத்தால் அது தானமாகும். விரட்டுபவன் வண்டி ஓட்டாவிடினும் விபத்தில் அவனுக்கும் பங்குண்டு.

சங்காரவர் என்ற பிராமணருக்குப் பகவர் ஐந்து நீர்ப்பாத்திரங்களை உவமை காட்டினார். சாயம் கலந்த நீர், கொதிக்கும் நீர், பாசி மூடிய நீர், காற்றால் அலையும் நீர், இருளில் வைத்த கலங்கல் நீர் ஆகிய இவற்றுள் எதிலும் ஒருவன் தன் முகத்தை உள்ளவாறு காணமாட்டான். ஆசையும் வெகுளியும் சோம்பலும் பரபரப்பும் ஐயமும் மனத்தை அவ்வாறே மறைக்கின்றன. விடியற்குளிரில் சாரதியின் உள்ளத்தை நோக்குங்கள். போர்வையை விட்டெழச் சோம்பல், எழுந்தபின் பரபரப்பு, எஞ்சின் எழாவிடில் வெகுளி. கண்ணாடியில் பனி படிவதற்கு முன்னரே மனத்தில் பனி படிந்துவிடுகிறது. மனம் தெளிந்தவன் கையோ தானே துணியை எடுக்கும்.

ஆகையால், மலைக்குச் செல்லும் சகோதரர்களே, புறப்படுமுன் ஒருமுறை வண்டியைச் சுற்றி வாருங்கள். கண்ணாடி தெளிந்ததா, பிரேக் காற்று ஏறிற்றா, எஞ்சின் சீராக ஓடுகிறதா என்று பாருங்கள். சாலையோரம் நடப்பவர் உங்களை அறியார். உங்கள் பெயரும் அவருக்குத் தெரியாது. ஆயினும் உங்கள் விழிப்பை நம்பியே அவர் அடியெடுத்து வைக்கிறார். அந்நம்பிக்கைக்கு உரியவராய் வாழ்தலே தம்மத்தில் நிற்றலாகும்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க! நமோ புத்தாய!