நெருப்பின் பங்காளிகள்

கதிரவனே இல்லாத உலகமொன்றைக் கற்பனை செய்து எழுதப்பெற்ற கதைகள் உண்டு. மண்ணுக்கடியில் கிடைக்கும் ஒரு கனிமமே அங்கு விளக்கை எரிக்கிறது; அடுப்பை மூட்டுகிறது; ஆலையை ஓட்டுகிறது. அதனைத் தோண்டுவோர் ஒருபுறம் வாழ்கின்றனர். அதன் ஒளியைத் துய்ப்போர் மற்றொருபுறம் வாழ்கின்றனர். இத்தகைய கதையைப் படித்து வியக்கும் நாம், படிக்கும் நூலின் மேல் விழும் ஒளி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்பதில்லை.

மக்ரிபு வேளை கடந்தபின் காவிரிப் பாலத்தில் நின்று நோக்குவோர்க்குத் தெற்கே மலைக்கோட்டையும், வடக்கே 1987-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற திருவரங்கத்து இராஜகோபுரமும் ஒளி சூழ நிற்பது தெரியும். நத்ஹர் வலி தர்காவின் கந்தூரியாயினும், திருவரங்கத்து வைகுண்ட ஏகாதசியாயினும், கடைவீதியின் பெருநாள் வணிகமாயினும் விளக்கின்றி நடப்பதில்லை. பொழுது சாய்ந்தபின் நம் ஊரும் அக்கற்பனை உலகம் போன்றதே. அக்கனிமத்துக்கு நம் நாட்டில் பெயரும் உண்டு, ஊரும் உண்டு. பெயர் பழுப்பு நிலக்கரி, ஊர் நெய்வேலி.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு வெளிப்பட்ட கரிய பொருளே அதன் முதல் தடயம். 1956-இல் அரசு நிறுவனம் அமைந்தது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-இல் சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிற்று. அந்நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது; அதன் பின்வந்த நிலையங்கள் எரிந்துகொண்டிருக்கின்றன.

இக்கரி, கோடி ஆண்டுக் கணக்கில் புதைந்து கிடந்த காடு. அன்றைய வெயிலை உண்டு வளர்ந்த மரங்களின் எச்சத்தையே நாம் இன்று எரிக்கிறோம். அதன் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். ஆதலால் அதனைத் தொலைதூரம் சுமந்து செல்வது கட்டுபடியாவதில்லை. சுரங்கத்தின் அருகிலேயே எரித்து, மின்சாரத்தை மட்டும் கம்பி வழியே அனுப்புகின்றனர். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரி வேண்டும். கரியின் மேலே கிடக்கும் மண்ணையெல்லாம் அகற்ற வேண்டும். கரிக்குக் கீழே பேரழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டேயிருக்க வேண்டும். இன்றேல் அது சுரங்கத்தின் அடியைப் பிளந்துகொண்டு மேலெழும்.

இவ்வமைப்பில் ஓர் அறக்கேள்வி மறைந்து நிற்கிறது. ஒளி மாநிலமெங்கும் செல்கிறது. குழியும் புகையும் சாம்பலும் அங்கேயே தங்கிவிடுகின்றன. இது முறையா?

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்னும் கருத்துடைய நபிமொழி நம் இல்லங்களில் அறிந்த ஒன்றே. ஒருவர் மூட்டிய நெருப்பில் மற்றவர் குளிர் காயலாம், தம் விளக்கையும் ஏற்றிக்கொள்ளலாம் என்ற அளவோடு அதன் பொருளை நாம் நிறுத்திவிடுகிறோம். ஆனால் பங்காளி என்பவன் யார்? வணிகத்தில் இலாபத்துக்கு மட்டும் வந்து, நட்டத்தின்போது விலகி நிற்பவனை நாம் பங்காளி என்று அழைப்போமா? நெருப்பு பொது என்றால், அதன் சாம்பலும் பொதுவே.

2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சேத்தியாத்தோப்புக்கு அருகிலுள்ள வளையமாதேவியில், சுரங்கப் பணிக்கான கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற நெற்பயிர் இயந்திரங்களால் அழிக்கப்பட்டது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டதென்பது நிறுவனத்தின் வாதம். பயிருக்கு இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சட்டத்தின் கணக்கு அவ்வாறு ஒருவகையில் தீர்ந்திருக்கலாம். நம் கணக்கு தீர்ந்ததா? 2020-இல் அங்கே கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்ட செய்தியை நாம் மின்விளக்கின் கீழ் அமர்ந்துதானே படித்தோம்?

மின்கட்டணம் செலுத்துகிறோமே என்பர் சிலர். கட்டணம் மின்சாரத்தின் விலை. பிறந்த ஊரைவிட்டுப் பெயர்ந்தவனின் இழப்புக்கு அது விலையாகாது. 2016-இல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் வரை இலவசம் என்று அரசு அறிவித்தது. ஏழை இல்லங்களுக்கு அது நன்மையே. எனினும் 100 யூனிட் என்பது ஏறத்தாழ 100 கிலோ கரி அல்லவா? பெறுபவனுக்கு இலவசமாக வந்தது, எங்கோ ஒருவனுக்கு இலவசமாக இருந்திருக்க முடியாது.

நம் வீட்டு மின்சாரம் காற்றாலையிலிருந்தோ அணையிலிருந்தோ வந்திருக்கலாமே என்பர் வேறு சிலர். எல்லா மின்சாரமும் ஒரே கட்டமைப்பில் கலந்துவிடுகிறது. ஆதலின் இன்ன விளக்கு நெய்வேலியின் விளக்கு என்று சுட்ட முடியாது. என் விளக்கு நெய்வேலியினது அன்று என்று கைகழுவவும் முடியாது. மேலும், நம் திருச்சிக்கு இந்நெருப்போடு நெருங்கிய உறவும் உண்டு. திருவெறும்பூரை அடுத்த பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை, 1965 முதல் அனல்மின் நிலையங்களுக்கான உயரழுத்தக் கொதிகலன்களைச் செய்து வருகிறது. அவ்வூதியத்தால் உயர்ந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை எத்தனை!

விளக்கை அணைத்துவிட்டு இருளில் அமர்க என்று நாம் சொல்லவில்லை. மருத்துவமனையில் மூச்சுக்குப் போராடும் குழந்தைக்கு மின்சாரம் வேண்டும். மாணவனுக்கும் தொழிலாளிக்கும் வேண்டும். நெய்வேலியில் வேலை பெற்று வாழ்வோரும் பல்லாயிரவர். எரிப்பது குற்றமன்று, எரிவதன் சுமையைச் சிலர் தலையிலேயே ஏற்றிவிட்டு அறியாதவர்போல் இருப்பதே குற்றம்.

அவ்வாறாயின் பங்காளி செய்ய வேண்டியது யாது? முதலாவது, வீண் விரயம் தவிர்ப்பது. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறியும், திருமணப் பந்தலில் விடியும்வரை எரியும் அலங்கார விளக்கும் பிறருடைய நிலத்தைத் தின்கின்றன. இரண்டாவது, நிலம் இழந்தோர் நியாயம் கேட்கும்போது அதனை அவர்கள் ஊர் வழக்காகக் கருதாமல் நம் வழக்காகக் கருதுவது. மூன்றாவது, நம் கூரைகளின் மேல் நாள்தோறும் இறைவன் பொழியும் வெயிலை, இயன்றவர் இயன்ற அளவு மின்சாரமாக்கிக்கொள்வது. கற்பனை உலகத்தார்க்கு வேறு வழியில்லை. அவர்கள் தோண்டியே ஆக வேண்டும். நமக்கோ கதிரவன் இருக்கிறது.

ஒளியை அருளாகப் பெறுவோர், அதற்காக இருண்ட இல்லங்களை எண்ணிப் பார்த்தல் நன்றியின் முதற்படியாகும்.